மண்ணுக்கு வில்லங்கம் பார்ப்பது யார்?

பாளையங்கோட்டையை விட்டு எந்தச் சாலையில் வெளியேறினாலும் பச்சை வலை கட்டிய நர்சரி ஒன்றாவது கண்ணில் படும். வாசலில் குரோட்டன்ஸ், உள்ளே ஒட்டு மாங்கன்று, கொய்யா, தென்னம்பிள்ளை, மூலையில் அடுக்கிய தொட்டிகள். சில வருடம் கழித்து அதே வழியில் போனால் வலை இருந்த இடத்தில் வண்ணக் கொடிகள் பறக்கும். 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு. நல்ல தண்ணீர். உடனே வீடு கட்டலாம்.' சாலையோரம் என்பதால்தான் அங்கே செடி விற்றது. சாலையோரம் என்பதால்தான் இப்போது மனையும் விற்கிறது. ஊர் வளர வளர, செடி தருகிற காசை நிலம் தருகிற காசு முந்திவிடும்.

நர்சரி மட்டுமல்ல. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கிடந்த வாழைத்தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், தென்னந்தோப்பு என்று பலதும் இதே பாதையில் வருகின்றன. வாங்குகிறவர் லேசுப்பட்டவர் இல்லை. முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து 'லீகல்' வாங்குகிறார். போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர், உப்பா நல்லதா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார். நிலம் யார் யார் கை மாறி வந்தது என்பது அத்தனையும் அவருக்குத் தெரியும். அந்த நிலத்தில் என்னென்ன கொட்டப்பட்டது என்பது மட்டும் தெரியாது. கேட்கவும் யாரும் சொல்லித்தரவில்லை.

'மண் டெஸ்ட் எடுத்தாச்சே' என்பார்கள். நம் ஊரில் மண் டெஸ்ட் இரண்டு வகை. இன்ஜினீயர் எடுப்பது ஒன்று: இந்த மண் எத்தனை மாடி தாங்கும், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று அது சொல்லும். வேளாண்மைத் துறை எடுப்பது இன்னொன்று: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கார அமில நிலை, உப்பின் அளவு. முதலாவது சுவருக்காக, இரண்டாவது பயிருக்காக. அந்த மண்ணில் தவழப் போகிற குழந்தைக்காக எடுக்கும் டெஸ்ட் இரண்டிலும் கிடையாது. லே-அவுட் அனுமதிக்குப் போகும் கோப்பிலும் சாலை அகலம் இருக்கும், நஞ்சை நிலமென்றால் வேளாண்மைத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கும், வெள்ளம் தேங்குமா என்பது இருக்கும். பழைய ரசாயன மிச்சம் பற்றிக் கேட்கும் இடம் வழக்கமான படிவத்தில் இல்லை.

எந்தக் காலத்து மருந்து?

முதலில் ஒரு பயத்தைக் கழித்துவிடலாம். நர்சரி இருந்த இடமெல்லாம் நஞ்சு நிலம் இல்லை. சொல்லப்போனால், போன மாதம்வரை மருந்தடித்த நர்சரியைவிட நாற்பது வருடத்துக்கு முன் அடித்து விட்டுவிட்ட தோட்டத்தைத்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

காரணம் எளிது. மோனோகுரோட்டோபாஸ், போரேட் போன்றவை அடிக்கிற ஆளின் உயிரையே வாங்கக்கூடியவை. ஆனால் வெயிலிலும் ஈரத்திலும் மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களிடமும் சிக்கி வாரங்களில், மாதங்களில் சிதைந்துவிடும். அதற்கு முந்தைய தலைமுறை மருந்துகள் அப்படியில்லை. டி.டி.டி., பி.எச்.சி. தூள், ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகிய எல்லாம் குளோரின் ஏறிய சரக்கு. மண்ணைப் பிடித்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் விடாது. நெல்லுக்கும் நாற்றங்காலுக்கும் கறையானுக்கும் எறும்புக்கும் பத்து சதவீத பி.எச்.சி. தூளைக் கையால் அள்ளி வீசிய காலம் ஒன்று இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய எந்தச் சம்சாரியைக் கேட்டாலும் அந்த வாடையை இன்றைக்கும் சொல்வார்.

ஆகவே வருடங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விவசாயத்தில் டி.டி.டி.க்கு இந்தியாவில் தடை வந்தது 1989. ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் நின்றது 1996. பி.எச்.சி. 1997. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது 2011. பாதரசம் கலந்த விதை நேர்த்தி மருந்துகளில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்றுக்குத் தடை 2018இல்தான் வந்தது. 2010க்குப் பிறகு தொடங்கி, பாக்கெட்டில் அலங்காரச் செடி மட்டும் வளர்த்து விற்ற நர்சரி என்றால் கவலை குறைவு. 1970களிலேயே தோட்டமாக இருந்து, பிறகு நர்சரியாகி, இப்போது மனையாகிற நிலம் என்றால் கேள்விகள் தொடங்க வேண்டும்.

உலோகங்களின் கணக்கு வேறு. பூச்சிமருந்து எத்தனை பிடிவாதமானதாக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் சிதையும். பாதரசமும் ஆர்செனிக்கும் ஈயமும் செம்பும் தனிமங்கள். சிதைய அவற்றில் ஒன்றும் இல்லை. கொடிக்காலில் வாடல் நோய்க்கும் நர்சரியில் நாற்றழுகலுக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை வேரில் ஊற்றுவது பழைய வழக்கம். வருடம் தவறாமல் ஊற்றினால் செம்பு மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் செம்பைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அது மண்புழுவுக்கும் இளஞ்செடிக்கும் ஆகாது. நாம் அஞ்ச வேண்டியது மற்ற மூன்றுக்கும்தான்.

ஸ்டோர் ரூமைத் தேடுங்கள்

ஓர் ஏக்கர் நிலத்தில் நஞ்சு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. தெளித்த இடத்தைவிட வைத்திருந்த இடத்திலும் கலக்கிய இடத்திலும் கொட்டிய இடத்திலும்தான் அது குவிந்திருக்கும். மருந்து வைத்த அறை, தொட்டியோரம் வாளியில் கலக்கிய இடம், தெளிப்பானைக் கழுவிக் கொட்டிய வாய்க்கால் ஓரம், காலி பாட்டிலையும் கிழிந்த பாலித்தீன் பாக்கெட்டையும் போட்டு எரித்த குழி, எண்ணெய் சொட்டி ஊறிய மோட்டார் ரூம் தரை. சில நூறு சதுர அடிதான். அந்தச் சில நூறு சதுர அடி எந்த மனை எண்ணுக்குள் வருகிறது என்பதே கேள்வி.

காசர்கோட்டில் இது பெரிய அளவில் தெரிந்தது. கேரளத் தோட்டக்கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளிப்பது 2000த்தோடு நின்றது. மிச்ச மருந்து பீப்பாய் பீப்பாயாகக் கழகத்தின் கிடங்குகளிலேயே கிடந்தது. பீப்பாய்கள் கெட்டுப்போய், 2012இல்தான் புதிய பீப்பாய்களுக்கு மாற்றினார்கள். தெளிப்பு நின்று பன்னிரண்டு வருடம் கழித்தும் நஞ்சு கிடங்கை விட்டு நகரவில்லை.

இங்கே மண் மாதிரி எடுக்கும் முறையும் முக்கியமாகிறது. உரப் பரிந்துரைக்காக மண் எடுக்கும்போது வயலில் பத்து இருபது இடத்தில் அரையடி ஆழம் வெட்டி, எல்லாவற்றையும் கலந்து, கால் கால் பங்காகக் கழித்து, கடைசியில் அரைக் கிலோ எடுத்துக்கொள்வார்கள். உரத்துக்கு அது சரியான முறை. நஞ்சு தேடுவதற்கு அதே முறை ஆகாது. இருபது இடத்தில் ஓரிடத்தில் மட்டும் கிலோவுக்கு 200 மில்லிகிராம் இருக்கிறது, மற்ற பத்தொன்பதும் சுத்தம் என்று வையுங்கள். கலந்து அளந்தால் 10 என்று வரும். அறிக்கையில் எல்லாம் நலம். ஓரிடத்து வீட்டுக்காரருக்கு மட்டும் நலமில்லை. சந்தேக இடங்களில் தனித்தனியாக, மேலே அரையடியிலும் அதற்குக் கீழேயும் எடுக்க வேண்டும். கலக்கக் கூடாது.

இதையெல்லாம் செய்ய வேண்டிய நேரம் ஜே.சி.பி. இறங்குவதற்கு முன். ஒரு நாள் வண்டி ஓடி நிலத்தை மட்டம் செய்துவிட்டால் ஸ்டோர் ரூம் எங்கே இருந்தது, குழி எங்கே இருந்தது என்பது அழிந்துபோகும். குவிந்து கிடந்ததும் நாலா பக்கமும் இழுபட்டுப் போகும். நர்சரிக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் இதே சங்கதி. முழுசாக, நனைத்து, கழற்றி இறக்கினால் பெரிய தொல்லை இல்லை. வண்டி அதன் மேல் ஏறி நொறுக்கினால் காற்றில் பறக்கும் இழை, நொறுங்கியது அஸ்திவாரக் குழிக்கு நிரப்பு.

பத்திரத்திலேயே எழுதியிருந்தது

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரத்தில் லவ் கெனால் என்று ஒரு பழைய கால்வாய்க் குழி. ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி அதில் சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்து மூடி, 1953இல் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்தது. இங்கே ரசாயனக் கழிவு புதைந்திருக்கிறது, பின்னால் ஏதாவது நேர்ந்தால் எங்களைக் கேட்காதீர்கள் என்ற பொருளில் விற்பனைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. மேலே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். பத்திரம் படிக்கிறவர்கள் எதைத் தேடிப் படிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

லவ் கெனால் தொழிற்சாலைக் கழிவின் கதை. நம் நர்சரிக்கு நெருங்கிய உறவு வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் தோட்டங்கள்தான். 1905 முதல் 1947 வரை அங்கே புழுவுக்கு லெட் ஆர்செனேட் அடித்தார்கள். ஈயமும் ஆர்செனிக்கும் சேர்ந்த மருந்து. டி.டி.டி. வந்ததும் அதை விட்டுவிட்டார்கள். அப்படி மருந்து கண்டிருக்கக்கூடிய பழைய தோட்ட நிலம் சுமார் 1,87,000 ஏக்கர் என்று அந்த மாநிலம் கணக்கெடுத்திருக்கிறது. பல இடங்களில் இன்று வீடு, பள்ளி, பூங்கா. மருந்து நின்று எழுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும், வீட்டு மண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொல்லி அரசு மக்களிடம் பேசிக்கொண்டிருக்கிறது.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. மண்ணைக் கெடுத்திருக்கக்கூடிய தொழில்களின் பட்டியல் ஒன்று அங்கே உண்டு. அதில் ரசாயன ஆலைகளோடு பழத்தோட்டம், காய்கறித் தோட்டம், கண்ணாடிக் கூண்டு நர்சரி, மருந்து தெளிக்கும் கொட்டகை எல்லாம் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. 2012 ஜனவரி முதல், அப்படிப்பட்ட நிலத்தைப் பிரித்து மனையாக்க வேண்டுமென்றால் மண்ணின் பழைய வரலாற்றைப் பார்த்தாக வேண்டும். சாதாரண வீட்டு மனைக்கு ஒரு கிலோ மண்ணில் ஆர்செனிக் 20 மில்லிகிராம், ஈயம் 210, டி.டி.டி. 70 என்று அளவு வைத்திருக்கிறார்கள். செம்புக்கு எல்லை வைக்கத் தேவையே இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

இந்த எண்களைவிட, அவை வந்த வழிதான் எனக்குப் பிடித்தது. அந்த 20 என்பது, வீட்டுக்காரர் தின்னும் காய்கறியில் பத்தில் ஒரு பங்கு சொந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று வைத்துப் போட்ட கணக்கு. கிராமத்து வீட்டில் கால்வாசி விளையும் என்று வைத்தால் ஆர்செனிக் எல்லை 17க்கு இறங்குகிறது. எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்து எல்லை வைத்திருக்கிறார்கள். கொல்லையில் முருங்கை, வாழை, பாத்தியில் கீரை, முற்றத்து மண்ணில் நாள் முழுக்கப் பிள்ளைகள் என்று வாழும் அம்பாசமுத்திரத்துக் குடும்பத்துக்கு எந்தக் கணக்கு பொருந்தும்? வெளிநாட்டு எண்ணை அப்படியே தூக்கி வைத்துக்கொள்ள முடியாது.

எந்த அளவுவரை சுத்தம் என்பது ஏட்டளவு வாதமில்லை என்று கொடைக்கானல் காட்டியது. 1983இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த தெர்மாமீட்டர் ஆலை, பின்னாளில் இந்துஸ்தான் லீவர் வசம் போனது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் அகப்பட்டபின் 2001 மார்ச்சில் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு வந்தது 2016இல். மண்ணைச் சுத்தம் செய்யும் வேலையோ இருபது வருடத்தை நெருங்கும்வரை முழுவீச்சில் தொடங்கவில்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம்வரை இருக்கலாம் என்று நிறுவனத் தரப்பும், அது போதாது என்று எதிர்த்தரப்பும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டின.

புது விதி, பழைய ஓட்டை

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த இடங்களுக்கென்று முதல்முறையாகத் தனி விதிகளை அறிவித்தது. சந்தேகப்படும்படியான இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். நாடு முழுக்க அப்போது அடையாளம் கண்டிருந்த இடங்கள் 103. சுத்தப்படுத்தும் வேலை தொடங்கியிருந்தவை 7.

வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் அதன் கண் அபாயகரமான கழிவு கொட்டிய பெரிய இடங்களின் மேல் இருக்கிறது. பாளையங்கோட்டைப் பக்கத்து அரை ஏக்கர் நர்சரியின் ஸ்டோர் ரூம் மூலை அந்த வலையில் விழப்போவதில்லை.

கழிவு கொட்டுவது நெல்லைக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் வட்டாரத்தில் கேரள மருத்துவமனைக் கழிவு லாரி லாரியாகக் கொட்டப்பட்டுக் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டபின் கேரளமே வந்து அள்ளிக்கொண்டு போனது. அது கண்ணுக்குத் தெரிந்தது, ஊர் கூடிச் சத்தம் போட்டது. மண்ணுக்குள் இருப்பதற்காக யாரும் சத்தம் போடுவதில்லை. வேலியில்லாமல் நாலு வருடம் சும்மா கிடந்த நர்சரி நிலத்தில் இரவில் எந்த லாரி வந்து போனது என்பதும் விசாரிக்க வேண்டிய ஒன்றே.

கிணற்றுத் தண்ணீர்

நடைமுறையில் பழைய நர்சரி நிலங்களில் முதலில் மாட்டக்கூடியது பூச்சிமருந்து அல்ல, உரம் என்பது என் கணிப்பு. குளோரின் மருந்துகள் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரோடு அவ்வளவாக இறங்காது. நைட்ரேட் அப்படியில்லை. யூரியாவும் டி.ஏ.பி.யும் கரையும் உரமும் தினப்படி போட்டு, தினப்படி தண்ணீர் விட்ட இடத்தில் செடி எடுத்ததுபோக மிச்சம் நேராகக் கீழே போகும். ஆற்றோரக் களிமண்ணில் கொஞ்சம் மெதுவாக. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் விறுவிறுவென்று. குடிநீரில் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் இந்தியத் தர எல்லை. அதைத் தாண்டினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர்தான் வற்றும்; நைட்ரேட் இன்னும் செறிவாகும். 'நல்ல தண்ணீர்' என்று போர்டில் போடுவது நாக்குக்குச் சொன்ன சான்று. நைட்ரேட்டுக்குச் சுவை இல்லை.

அடங்கலை எடுத்துப் படியுங்கள்

மண்ணின் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வெளிநாட்டில் பழைய வரைபடம், விமானப் படம் என்று தேடுவார்கள். நம்மிடம் அதைவிட நல்ல ஆவணம் இருக்கிறது: கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல். சர்வே எண் வாரியாக, பசலி வாரியாக, எந்தப் போகத்தில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று எழுதிய கணக்கு. கார், பிசானம் இரண்டும் நெல்லாக இருந்த நிலம் எந்த வருடம் வாழைக்கு மாறியது, எத்தனை வருடம் கொடிக்காலாக இருந்தது, எப்போது தரிசு விழுந்தது எல்லாம் அதில் தெரியும். மருந்தின் பெயர் இருக்காது. ஆனால் பயிரும் வருடமும் தெரிந்தால் மருந்தை ஊகிக்கலாம். 1985இல் கொடிக்கால் என்றால் செம்பு, நெல் என்றால் பி.எச்.சி., வாழை என்றால் குருணை மருந்து. சொத்துத் தகராறுக்கு மட்டுமே புரட்டப்படும் இந்தக் கணக்கை மண்ணுக்காக யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை.

அடங்கலை அடுத்து, அங்கே வேலை பார்த்தவரைத் தேட வேண்டும். 'அண்ணாச்சி, மருந்த எங்க வச்சுக் கலக்குவிய? காலி டப்பாவ என்ன செய்விய?' என்று ஒரு டீயோடு கேட்டால், ஆய்வுக்கூடம் போகாமலே பாதி விஷயம் வந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் ஆய்வுக்கூடம். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்து, குளோரின் பூச்சிமருந்து, ஆர்செனிக், ஈயம், பாதரசம், காட்மியம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெயர் சொல்லாவிட்டால் மறுபடி தழை, மணி, சாம்பல்தான் கையில் வரும்.

நெல்லையில் பள்ளமான மனைக்குச் சரள் அடித்து உயர்த்துவது வழக்கம். இரண்டடி சரள் விழுந்தால் பழைய மண் மூடிக்கொள்ளும், ஒருவகையில் அதுவும் பாதுகாப்பே. ஆனால் அஸ்திவாரம் தோண்டும்போதும் செப்டிக் டேங்க் குழி எடுக்கும்போதும் கீழ்மண் மேலே வருகிறது. வந்த மண் 'கருப்பா, நல்ல மண்ணா இருக்கே' என்று பின்பக்கம் கொட்டப்பட்டு அதில் கீரை விதைக்கிறோம். நர்சரி மேல்மண்ணைத் தனியாக வழித்துத் தொட்டிச் செடிக்கு விற்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். சந்தேகம் ஊர் முழுக்கப் போய்விட்டது.

சோதனையில் ஏதாவது கிடைத்தால் வியாபாரமே கெட்டது என்று பிரமோட்டர்கள் நடுங்குவதில் பெரிய நியாயமில்லை. பெரும்பாலும் அது ஒரு மூலைதான். அந்த மூலையின் ஓரடி மண்ணை வழித்து, முறைப்படி அப்புறப்படுத்தி, நல்ல மண்ணால் நிரப்பி, மறுபடி சோதித்துக் காட்டலாம். சிரமம் எங்கே என்றால், வழித்த மண் அபாயகரக் கழிவு என்று தரம் பிரிக்கப்பட்டால் அதைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. இதற்கென்று நெடுங்காலமாக இயங்கும் மையம் கும்மிடிப்பூண்டியில், அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். செலவு கொஞ்சமில்லை. அந்தச் செலவுக்குப் பயந்தாவது, மண் குவிந்து கிடக்கும்போதே அளந்து, தேவையான அளவை மட்டும் வழிப்பது புத்திசாலித்தனம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய லே-அவுட்டில் பொது உபயோகத்துக்கு 10 சதவீதம் இடம் விட வேண்டும். அந்த இடம் பல நேரங்களில் மனையாக விலை போகாத கோணல் மூலையாக இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பழைய குழியும் கொட்டகையும் இருந்த மூலை அதுவாகவே இருந்தால், பூங்கா என்று பெயரிட்டுப் பிள்ளைகளை அங்கேதான் விளையாட அனுப்புவோம்.

திருநெல்வேலி உள்ளூர்த் திட்டக் குழுமமும் நகர் ஊரமைப்புத் துறையும் லே-அவுட் விண்ணப்பத்தில் ஒரே ஒரு தாளைச் சேர்க்கட்டும். அதில் ஐம்பது வருட அடங்கல் சுருக்கம், மருந்து வைத்த இடமும் எரித்த குழியும் குறித்த புலப்படம், அந்த இடங்களின் மண் அறிக்கை, கிணற்றின் நைட்ரேட் அளவு ஆகிய நான்கும் இருந்தால் போதும். இதற்குப் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தாள் வரும்வரை வாங்குகிறவர்களே கேளுங்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்.